நாற்பத்தேழும் வேண்டுமா?

வட்டாரங்களைப் போற்றும் வெள்ளி நாணய வரிசைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அவை பிறக்கும்போதே எண்ணோடு பிறக்கின்றன. ஜப்பானில் மாகாணங்கள் 47, ஆகவே நாணயமும் 47. அமெரிக்காவில் மாநிலங்கள் 50, ஆஸ்திரியாவில் 9. மன்னர் தலை பொறித்த பழங்காசுகளைத் தேடுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று கடைசிவரை தெரியாது. வட்டார வரிசையைத் தொடங்குகிறவருக்கோ முதல் நாளே முடிவு தெரிந்துவிடுகிறது. அந்த முடிவுதான் இந்த வரிசைகளின் கவர்ச்சி. ஆல்பத்தில் காலியாக இருக்கும் ஒவ்வொரு குழியும் ‘என்னை நிரப்பு’ என்று கேட்கும். வெளியிடும் தங்கசாலைகளுக்கும் இது நன்றாகத் தெரியும். நம் நாட்டில் மாநிலத்துக்கு ஒன்று என்ற வெள்ளி வரிசை வந்ததில்லை. அதனால் இந்த வகையில் ஆசை வைக்கும் தமிழ் வாசகர் வெளிநாட்டு வரிசைகளைத்தான் நாட வேண்டும். அப்படி நாடுபவருக்கு இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான்: ஒவ்வொரு நாணயத்துக்கும் முகமதிப்பையும் உலோக மதிப்பையும் தாண்டிப் பணம் கொடுக்க வேண்டிய வரிசையை முழுதாகச் சேர்க்க முயலாதீர்கள். உங்களுக்கென ஒரு இழையைத் தேர்ந்தெடுத்து, அதில் கோத்துக்கொள்ளக்கூடிய சிலவற்றை மட்டும், நல்ல நிலையில் வாங்குங்கள். சேகரிப்பாளர் பலருக்கு இது கசக்கும். காரணங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

எடுத்துக்காட்டாக ஜப்பானின் வரிசையையே கையில் எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிந்தைய அரசியலமைப்போடு சேர்ந்து 1947 மே மாதம் அங்கே உள்ளூர்த் தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் அறுபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, மாகாணத்துக்கு இரண்டு நாணயங்கள் வெளியிட அரசு தீர்மானித்தது. ஒன்று 500 யென், இரண்டு நிறத்தில் உலோகக் கலவைகள் சேர்ந்தது, வங்கியில் அதே விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மற்றது 1,000 யென் முகமதிப்புள்ள தூய வெள்ளி நாணயம். எடை 31.1 கிராம், அதாவது வெள்ளிச் சந்தைக் கணக்கில் சரியாக ஒரு டிராய் அவுன்சு. குறுக்களவு 40 மில்லிமீட்டர். கண்ணாடிப் பளபளப்போடு தனியாக அடிக்கும் ‘புரூஃப்’ வகை. மாகாணத்தின் படம் உள்ள பக்கத்தில் வண்ணம் அச்சிட்டிருக்கும். மறுபக்கம் 47 நாணயங்களுக்கும் பொது: பனித்துகள், நிலா, செர்ரிப் பூ. விளிம்பின் வரிகள் நேராக இல்லாமல் சாய்வாக ஓடும். 2008இல் ஹொக்கைடோ, கியோத்தோ, ஷிமானே மூன்றும் முதலில் வந்தன. 2016இல் ஃபுகுஷிமாவும் டோக்கியோவும் வந்து வரிசை முடிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம். கேட்பவர் அதற்கு மேல் இருந்தால் குலுக்கல். சுத்தமாகத் திட்டமிட்டு, சொன்னபடி நடத்தி முடித்த வரிசை இது. என் வாதம் எடுபடுமா என்பதை இவ்வளவு நேர்த்தியான ஒன்றின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

தொடக்கத்தில் இந்த நாணயத்தை ஜப்பான் தங்கசாலை 6,000 யென்னுக்கு விற்றது. ஒரே வட்டத்தில் மூன்று விலைகள் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது முகமதிப்பு, 1,000 யென். ஜப்பானிய வங்கி எந்தக் காலத்திலும் இதற்குக் கீழே போகாது, மேலேயும் போகாது. இரண்டாவது உலோக மதிப்பு. 2008இல் வெள்ளி விலை வருடம் முழுக்க ஏறி இறங்கியது. அன்றைய டாலர் மாற்று விகிதத்தில் ஒரு அவுன்சு உச்சத்தில்கூடச் சுமாராக 2,000 யென்தான் வரும். மூன்றாவது, கொடுத்த 6,000 யென். உலோகத்துக்கும் கொடுத்த விலைக்கும் நடுவில் இருக்கும் குறைந்தது 4,000 யென்னைத்தான் சேகரிப்பாளர் வடிவமைப்புக்கும், வேலைப்பாட்டுக்கும், பெட்டிக்கும், அரசின் பெயருக்கும் கொடுத்தார். அது வீண் என்று சொல்ல வரவில்லை. நல்ல வேலைப்பாட்டுக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 4,000 யென்னுக்கு உலோகமும் காவல் இல்லை, வங்கியும் காவல் இல்லை. நாளைக்கு இன்னொருவர் அந்த நாணயத்தை விரும்பினால்தான் அது திரும்பி வரும். 47 நாணயங்களுக்கு முதல் விலையிலேயே கணக்குப் போட்டால் 2,82,000 யென். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காவல் இல்லாத பணம். பிடித்த ஐந்து நாணயத்தில் இந்தத் துணிச்சல் நியாயமானது. பட்டியலை முடிப்பதற்காக மட்டும் வாங்கிய முப்பது, முப்பத்தைந்து நாணயங்களில் அது நியாயம் ஆகாது.

இந்த இடத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. வெள்ளி ஏறியிருக்கிறதே, 2025 அக்டோபரில் அவுன்சு 50 டாலரைத் தாண்டியதே, அன்று 6,000 யென்னுக்கு வாங்கியவர் இன்று உலோகக் கணக்கிலேயே 7,000 யென்னுக்கு மேல் வைத்திருக்கிறாரே, அப்படியானால் நாற்பத்தேழையும் வாங்கியவர்தானே கெட்டிக்காரர்? கணக்கு சரி, முடிவு தவறு. அதே 6,000 யென்னுக்கு 2008இல் சாதாரண வெள்ளிக் கட்டி வாங்கியிருந்தால், வியாபாரியின் கூலியும் வரியும் போக மூன்று அவுன்சாவது கைக்கு வந்திருக்கும். வெள்ளி ஏறியதால் வந்த லாபம் வெள்ளியின் லாபம், நாணயத்தின் லாபம் அல்ல. நாணயமாக வாங்கியதால் அந்த வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அந்த ஏற்றத்துக்கும் பதினேழு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1980 ஜனவரியில் வெள்ளி ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டது. 1990கள் பெரும்பாலும் 4, 5 டாலரைச் சுற்றியே கிடந்தது. 2011 ஏப்ரலில் மறுபடி 48 டாலருக்கு மேல் போய், 2020 மார்ச்சில் 12 டாலருக்குக் கீழே இறங்கியது. முதலீட்டுக்கு வெள்ளி வேண்டும் என்பவர் கட்டியாக வாங்கட்டும். நாணயத்தை முதலீடு என்று சொல்லிக்கொண்டு வாங்குகிறவர், தனக்குப் பிடிக்காத நாணயத்தையும் வாங்குவதற்குச் சாக்குத் தேடிக்கொள்கிறார் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது அருமை பற்றிய கேள்வி. முழு வரிசையில் ஒன்றிரண்டு அரிதான நாணயங்கள் இருக்கும், அவை மற்றவற்றின் விலையையும் தூக்கிவிடும் என்பது சேகரிப்பாளர் மத்தியில் ஊறிய நம்பிக்கை. ஜப்பானிய வரிசையில் அதற்கு இடமே இல்லை. எல்லாம் தலா ஒரு லட்சம். ஒன்று மற்றொன்றைவிட விலை போகிறதென்றால், காரணம் எண்ணிக்கை அல்ல, படத்தின் மேல் இருக்கும் விருப்பம். எண்ணிக்கை வேறுபட்ட வரிசையில் என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்கா நல்ல பாடம். 1999 முதல் 2008 வரை, ஒன்றியத்தில் சேர்ந்த வரிசைப்படி, வருடத்துக்கு ஐந்து மாநிலங்களாக 50 கால் டாலர் நாணயங்கள் அங்கே வெளிவந்தன. புழக்கத்துக்கு வந்தவை செம்பு, நிக்கல் கலவை. சேகரிப்பாளருக்காக சான் பிரான்சிஸ்கோ தங்கசாலை 90 சதவீத வெள்ளியில் புரூஃப் தொகுப்புகளை அடித்தது. முதல் வருடமான 1999இல் வெள்ளித் தொகுப்பு எட்டு லட்சத்துச் சொச்சம்தான் விற்றது. வரிசை பிரபலமானதும் 2003இல் அது 11 லட்சத்தைத் தாண்டியது. தாமதமாக வந்த லட்சக்கணக்கானவர்கள் முழு வரிசைக்காக 1999 தொகுப்பைத் தேடினார்கள். 31.95 டாலருக்கு விற்ற தொகுப்பு சில வருடங்களில் 300 டாலரைத் தாண்டியது. வரிசை முடிந்து பரபரப்பு அடங்கியதும் அந்த விலையில் பாதிகூட நிற்கவில்லை. எட்டு லட்சம் என்பது அரிதான எண்ணிக்கையே அல்ல. விலையை ஏற்றியது முழுமையின் மேல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்த ஆசை. அந்த ஆசை தணிந்ததும் விலையும் போனது. உச்சியில் வாங்கியவர்கள் யார்? ஆல்பத்தில் ஒரே ஒரு வருடம் மட்டும் காலியாக இருந்தவர்கள்.

அரசு வெளியிடாத வரிசைகளில் நிலைமை இன்னும் வெளிப்படை. 1969இல் தொடங்கி, அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் மிண்ட் என்ற தனியார் நிறுவனம் 50 மாநிலங்களுக்கும் 92.5 சதவீத வெள்ளியில் பதக்கங்களை வெளியிட்டது. அழகான வேலைதான். ஆனால் அவற்றுக்கு முகமதிப்பு கிடையாது, வெளியிட்ட அரசும் கிடையாது. இன்று முழுத் தொகுப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வியாபாரிகள் பெரும்பாலும் தராசில் போட்டு, எடைக்குத்தான் விலை சொல்கிறார்கள். இணைய விற்பனையில் ‘மாநில வெள்ளி நாணயம்’ என்ற பெயரில் வருபவற்றில் இத்தகைய பதக்கங்கள் நிறைய. நாட்டின் பெயரும், எண்ணில் அல்லது எழுத்தில் முகமதிப்பும் இல்லாதது பெரும்பாலும் நாணயம் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

முழுமை என்பதே நிலையானதல்ல என்பதற்கு பிரான்ஸ் சாட்சி. 2010இல் அந்நாடு தன் 26 பிராந்தியங்களுக்கும் 10 யூரோ வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. கடல் கடந்த பிராந்தியங்களும் அந்த 26இல் அடக்கம். ஆறே வருடத்தில், 2016 ஜனவரியில், பெருநிலத்தின் 22 பிராந்தியங்களை அரசு 13 ஆகச் சுருக்கிவிட்டது. அல்சாஸ், லிமூசான், பிக்கார்தி என்று தனிப் பிராந்தியங்களாக இருந்தவை பெரிய அலகுகளுக்குள் கரைந்தன. முழு வரிசை வைத்திருப்பவரிடம் இன்று இருப்பது இல்லாமல் போன ஒரு நிர்வாக வரைபடம். வரலாற்று ஆவணமாக அதற்கு மதிப்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பை அறிந்து தேடுகிறவருக்கு, பெயர் இழந்த பிராந்தியங்களின் நாணயங்கள் மட்டும் போதும். மாறாமல் தப்பிய பிரெத்தாஞும் கோர்சிகாவும் அந்தக் கதையில் எதையும் கூட்டுவதில்லை.

முழு வரிசை சேர்ப்பதே கூடாது என்பதல்ல என் கட்சி. விலையில் காவல் இல்லாத பங்கு பூஜ்யமாக இருக்கும் இடத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். அமெரிக்கச் சிறுவர்கள் அட்டை வரைபடத்தில் 50 குழிகளையும் சில்லறையிலிருந்து பொறுக்கி நிரப்பினார்கள். ஒவ்வொன்றும் கால் டாலர், பிடிக்காவிட்டால் கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம். பிரெஞ்சு 10 யூரோவும் வெளியானபோது முகமதிப்புக்கே கிடைத்தது. பாரிஸில் வாழ்பவர் 26ஐயும் 260 யூரோவுக்கு வாங்கினார், அவருக்கு நஷ்டம் என்பதே இல்லை. அஞ்சல் செலவும் வியாபாரியின் லாபமும் சேர்த்துக் கொடுத்து சென்னையில் தருவிப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆஸ்திரியா இந்த வேறுபாட்டை ஒரே வரிசைக்குள் காட்டியது. 2012 முதல் 2016 வரை, குழந்தைகள் வரைந்த படங்களைக் கொண்டு, ஒன்பது மாநிலங்களுக்கும் கடைசியில் நாடு முழுமைக்குமாக 10 யூரோ நாணயங்களை வெளியிட்டது. ஒரே வடிவம் செம்பில் முகமதிப்புக்கும், வெள்ளியில் அதைவிடக் கூடிய விலைக்கும் கிடைத்தது. பத்தும் வேண்டும் என்பவர் செம்பில் பத்தையும் சேர்த்து, மனம் கவர்ந்த ஒன்றிரண்டை மட்டும் வெள்ளியில் வாங்குவதே புத்தியுள்ள வழி.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஜப்பானிய வரிசைக்கே திரும்புவோம். அதில் பறவை என்ற இழையை எடுத்தால் மூன்று நாணயங்கள் முன்னால் வந்து நிற்கும். 2008இன் ஹொக்கைடோ நாணயத்தில் தோயா ஏரியும் செந்தலைக் கொக்கும். 2009இன் நீகாத்தா நாணயத்தில் சாதோ தீவும், ஜப்பானியர் தோக்கி என்று அழைக்கும் கொண்டை அரிவாள் மூக்கனும். 2012இன் ஹ்யோகோ நாணயத்தில் கீழ்த்திசை வெண்நாரை. மூன்றும் ஜப்பான் இழந்துவிட்டதாக ஒரு காலத்தில் நினைத்த, அல்லது உண்மையிலேயே இழந்த பறவைகள். கொக்கு அழிந்தேவிட்டது என்று எண்ணியிருக்க, 1924இல் குஷிரோ சதுப்பு நிலத்தில் கைவிரலில் எண்ணக்கூடிய சில பறவைகள் அகப்பட்டன. காட்டு வெண்நாரை 1971இல் அற்றுப்போனது. கூண்டில் வளர்த்த பறவைகளை 2005இல் ஹ்யோகோவின் தோயோக்காவில் மறுபடி வெளியே விட்டார்கள். தோக்கியின் கதை இன்னும் துயரமானது. மிச்சமிருந்த ஐந்தையும் 1981இல் சாதோவில் பிடித்துக் கூண்டில் அடைத்தும் இனம் பெருகவில்லை. ஜப்பானின் காட்டில் பிறந்த கடைசிப் பறவை 2003இல் இறந்தது. சீனா 1999இல் கொடுத்த ஜோடியின் வழி வந்த குஞ்சுகளை 2008 செப்டம்பரில் சாதோ வானில் பறக்கவிட்டார்கள். அடுத்த வருடமே அந்தப் பறவை வெள்ளியில் ஏறியது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உரிய தேதிகளை ஒரு அட்டையில் எழுதிவைத்தால், பார்க்க வருபவர் அரை மணி நேரம் நகரமாட்டார். நாற்பத்தேழையும் வரிசையாகப் பெட்டியில் அடுக்கிக் காட்டினால் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்பதுதான்.

ஆட்கள் என்ற இழையும் வளமானது. கோச்சியில் சகமோட்டோ ரியோமா, சாகாவில் ஒகுமா ஷிகெனோபு, ஓயித்தாவில் சுமோ வீரர் ஃபுதபயாமா, சைத்தாமாவில் தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி. சைத்தாமா நாணயம் வந்தது 2014இல். ஷிபுசாவா 2024 ஜூலையில் 10,000 யென் தாளில் இடம்பெற்றார். தாளையும் நாணயத்தையும் சேர்த்து வைத்தால் அதுவே ஒரு சிறு காட்சி. உலக மரபுச் சின்னங்கள் என்று தேடினால் ஹிரோஷிமாவின் இத்சுகுஷிமா கோவிலும், குன்மாவின் தோமியோக்கா பட்டு ஆலையும் கிடைக்கும். பட்டு ஆலையின் நாணயம் 2013இல் வந்தது, யுனெஸ்கோ பட்டியலில் ஆலை சேர்ந்தது அடுத்த வருடம். தேர்வு எதுவானாலும், ‘ஏன் இது, ஏன் அது இல்லை’ என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரே வாக்கியத்தில் பதில் இருக்க வேண்டும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அது வெறும் குவியல்தான்.

ஒரே ஒரு நாணயம்தான் வாங்க முடியும் என்றால், என் பரிந்துரை ஷிமானே. அந்த மாகாணத்தின் இவாமி சுரங்கம் ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கே வெள்ளி கொடுத்தது. 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாணயத்தில் இருப்பது அந்தச் சுரங்கத்து வெள்ளியில் தட்டிய பழைய வெள்ளித் தகடும், பக்கத்தில் வண்ணத்தில் மலர்ந்த பியோனிப் பூவும். ஓகிமாச்சி பேரரசரின் முடிசூட்டு விழாவுக்காக 1560இல் மோரி குலத்தார் இவாமி வெள்ளியைக் காணிக்கை செலுத்தியதோடு தொடர்புடைய தகடு அது. இலை வடிவில் நீண்டு, ஓரம் ஒழுங்கற்று, சுத்தியல் அடி தெரியும்படி இருக்கும். இயந்திரத்தில் கண்ணாடிபோல் அடித்த வெள்ளியின் மேல், கையால் தட்டிய வெள்ளியின் உருவம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த ஓரத்தைப் பார்த்தால் செதுக்கியவரின் பொறுமை தெரியும். வெள்ளியில்தான் இந்த நாணயம் அர்த்தம் பெறும். வரிசையின் மற்ற நாணயங்கள் பலவற்றை வேறு உலோகத்தில் அடித்திருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது.

அரைகுறைத் தொகுப்புக்கு விற்கும்போது மதிப்பு இருக்காது என்ற ஆட்சேபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 47இல் 31 வைத்திருப்பவர் நிலை பரிதாபம்தான், ஏனென்றால் அவர் முழுமையை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றவர். வாங்குபவர் விடுபட்ட 16ஐக் காட்டியே பேரம் பேசுவார். மூன்று பறவைகளை வைத்திருப்பவர் பாதியில் நின்றவர் அல்ல. அவருடைய தொகுப்பு முடிந்துவிட்டது. முழு 47க்கு மொத்தமாகப் பணம் போடக்கூடியவர் நம் ஊரில் சிலரே. பெரும்பாலும் வியாபாரிதான் வாங்குவார், அவர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு உலோகக் கணக்கிலிருந்தே தொடங்குவார். தனித்தனியாக விற்கும்போதோ ரயில் பிரியர், பறவை ஆர்வலர், சுமோ ரசிகர் என்று நாணயவியலுக்கு வெளியே இருப்பவர்களும் வாங்க வருவார்கள். தேடிப் பிடிப்பதில் உள்ள இன்பம் போய்விடுமே என்பாரும் உண்டு. ஒரு லட்சம் அடித்த நாணயத்தில் தேடுதல் எங்கே இருக்கிறது? பணம் இருந்தால் ஒரு வார இறுதியில் நாற்பத்தேழையும் இணையத்தில் வாங்கிவிடலாம். தேடுதல் என்பது குறையில்லாத ஒன்றை, நியாயமான விலையில் பிடிப்பதில்தான் இருக்கிறது. அதற்கு வரிசை முழுவதும் தேவையில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு மின்தராசு வீட்டில் இருக்கட்டும். நாணயத்தை அது வரும் பிளாஸ்டிக் கேப்சூலோடு எடை போட்டு, அதே அளவுள்ள காலிக் கேப்சூலின் எடையைக் கழித்தால் 31.1 கிராம் அளவில் வர வேண்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பில் அதே எடையைக் கொண்டுவர, போலி செய்பவர் நாணயத்தைத் தடிமனாக்கியாக வேண்டும், ஏனென்றால் வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பினுடையது 9க்கும் கீழே. அசல் நாணயத்தின் பக்கத்தில் வைத்தால் தடிமன் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சாய்வு வரிகள் விளிம்பு முழுவதும் ஒரே சீராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அமெரிக்க வெள்ளிக் கால் டாலரில் சோதனை இன்னும் எளிது: வெள்ளி 6.25 கிராம், சாதாரணமானது 5.67 கிராம். சாதாரணத்தின் விளிம்பில் செம்புக் கோடு ஓடும், வெள்ளியில் ஓடாது. ஜப்பானிய நாணயம் தனிப் பெட்டியிலும், தபால்தலைத் தாளோடு சேர்ந்த பெட்டியிலுமாக விற்பனையானது. நாணயம் ஒன்றேதான். தபால்தலை உங்கள் இழையில் இல்லையென்றால் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வண்ணம் உரிந்ததை, கண்ணாடிப் பரப்பில் துணி தேய்த்த மெல்லிய கீறல்கள் உள்ளதை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். நாற்பத்தேழுக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்து வாங்குகிறவருக்கு மலிவு தேட வேண்டிய அவசியமே இல்லை.

வந்த பிறகு கெடுப்பது பெரும்பாலும் நாமேதான். வெள்ளிக் குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் விபூதி போட்டுத் துலக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. நாணயத்தின் மேல் விபூதி, புளி, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதுவும் படக்கூடாது. ஒருமுறை தேய்த்தாலே கண்ணாடிப் பரப்பு போய்விடும், வண்ணமும் உதிரும், உங்களிடம் மிஞ்சுவது ஒரு அவுன்சு வெள்ளி மட்டும். காற்றில் உள்ள கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. ரப்பர் பேண்ட், சில வகை அட்டை, மரப்பெட்டியின் பசை, கம்பளித் துணி எல்லாம் அதைக் கூட்டும். மலிவான மென்பிளாஸ்டிக் ஆல்பங்களில் உள்ள பிவிசி நாளடைவில் பச்சைப் பிசுக்காகக் கசியும். கடலோர ஊர்களின் ஈரம் இந்த வேலைகளையெல்லாம் விரைவாக்கும். நாணயத்தைக் கேப்சூலைவிட்டு வெளியே எடுக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். லேசாக மஞ்சள் படிந்தால் படியட்டும், அதைத் துடைப்பதால் வரும் சேதம் பெரிது.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது சுங்கவரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். வெள்ளி மீதான வரியும் இறக்குமதி விதியும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் முன் அன்றைய விதியைச் சுங்க அலுவலகத்தில் அல்லது அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், நண்பர் போன வருடம் தருவித்த கதையை நம்பாதீர்கள். பார்சலின் மேல் ‘பரிசு’ என்று எழுதச் சொல்லும் விற்பவரிடம் வாங்கவே வேண்டாம். விவரம் தவறு என்று தெரிந்தால் சிக்கல் உங்களுக்குத்தான் வரும். வாங்கிய அன்றே ஒரு நோட்டில் தேதி, கொடுத்த விலை, அன்றைய வெள்ளி விலையில் உலோக மதிப்பு மூன்றையும் எழுதிவையுங்கள். இந்த மூன்றாவது எண்ணை எழுதுகிற பழக்கம் உள்ளவர் தேவையில்லாத நாணயத்தை வாங்குவது குறைவு.

முதல் நாணயத்தை வாங்கியதும் மூன்று மாதம் பொறுத்திருங்கள். அதற்குள் அந்த மாகாணத்தைப் பற்றி ஒரு புத்தகமாவது படித்திருந்தால் இரண்டாவதை வாங்குங்கள். படிக்கத் தோன்றவில்லை என்றால் இந்த வகை உங்களுக்கு ஒத்துவராது. அந்தப் பணத்தில் வெள்ளியில் ஒரு தட்டு வாங்கி வீட்டில் புழங்கலாம்.